குட்டி யானைக்கு எத்தனை பெட்டி?

எடைமேடையில் ஒரு வண்டி ஏறும்போது திரையில் ஓடும் எண்ணை நான் முதலில் பார்ப்பதில்லை. பின் டயரைத்தான் பார்ப்பேன். தரையைத் தொடும் இடத்தில் டயருக்கு வயிறு பிதுங்கியிருக்கிறதா, வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய பட்டை நேர்கோடாக நிமிர்ந்துவிட்டதா, இல்லை எதிர்ப்பக்கமே வளைந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். திரை சொல்லப்போவதை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். சர்க்கரை ஆலையின் எடைமேடையில் 31 வருடம், ஓய்வுக்குப் பிறகு சேந்தமங்கலம் சாலையில் உறவினர் ஒருவரின் எடைமேடையில் மாலை வேளைகளில் ஆறு வருடம். இத்தனை காலம் ஒரே வேலையைப் பார்த்தவனுக்கு இந்தக் கண் வந்துவிடும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேடைக்கு அடியில் நெம்புகோல்கள், அறைக்குள் நீண்ட தராசுக்கோல், அதில் நகர்த்துகிற குண்டு. கோல் சமமாக நிற்கும்வரை வண்டிக்காரர் பொறுமையில்லாமல் ஆரன் அடித்துக்கொண்டே இருப்பார். இப்போது அடியில் லோடு செல், மேசைமேல் கம்ப்யூட்டர், நொடியில் சீட்டு வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் முத்திரை ஆய்வாளர் வந்து எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்து முத்திரையிட்டுப் போவார். இயந்திரம் மாறினாலும் மேடைமேல் ஏறுகிறவர்கள் மாறவில்லை. சீட்டைக் கையில் வாங்கியதும், "அவ்வளவா இருக்குது?" என்று கேட்காத ஓட்டுநரை நான் பார்த்தது குறைவு.

அந்தக் கேள்வியில் நடிப்பு பாதி, உண்மை பாதி. உண்மையாகவே பலருக்கு எடை தெரிவதில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு வண்டியைச் சொன்னது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 475ஆவது குறள். அதிகச் சுமை என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அதில் ஒரு சின்ன எண்ணம் உண்டு. மயிலிறகு ஏற்றினால் அது மலைபோலக் குவிந்து கண்ணுக்குத் தெரியும். பார்க்கிறவனுக்குப் பயம் வரும். எங்கள் மேடையில் ஏறுவது அதற்கு நேர்மாறான சரக்கு. டைல்ஸ், சிமெண்ட், கம்பி, கிரானைட். வண்டித் தொட்டியில் கால்வாசி இடத்தைக்கூட அடைக்காது. முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். இடம் கிடக்கிறதே என்று இன்னும் நாலு பெட்டி ஏற்றுவார்கள். வண்டி கனஅடியைச் சுமப்பதில்லை, கிலோவைச் சுமக்கிறது என்பதைப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்காகவே சொல்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், நாலு கல் கொண்ட ஒரு பெட்டி 28 கிலோ சுமாருக்கு வரும். தரையில் பதித்தால் பதினைந்தரை சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 64, 65 பெட்டி வேண்டும். அதாவது ஒரு டன் எண்ணூறு கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும். பதினைந்து மூட்டை 750 கிலோ என்று கூட்டிப் பார்ப்பவர் குறைவு. எம் சாண்ட் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி; எடை போட்டால் நாலரை டன் வரை போகும், நனைந்திருந்தால் அதற்கும் மேல். இதில் அரை யூனிட்டை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வருகிறார்கள். கோடைக்காலத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டியைச் சின்ன வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகத் தண்ணீர் விற்கிறார்களே, அதில் தண்ணீர் மட்டும் ஒரு டன். நிறைந்த தொட்டியாவது பரவாயில்லை. பாதி விற்ற தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும், வளைவில் பக்கவாட்டிலும் ஓடும். வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது தண்ணீர் மறுபக்கம் போகும்.

காருக்கும் இதேதான். ஆனால் கார்க்காரர்கள் எடைமேடைக்கு வருவதில்லை, அதனால் தெரிவதில்லை. அந்தக் காலத்து அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பேர், டிக்கியில் பித்தளைப் பாத்திரம், கேரியரில் பாய், படுக்கை, வாழைத்தார். பின்னால் லாரிக்கு இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். அது தாழ்ந்து தாழ்ந்து சைலன்ஸர் வேகத்தடையில் உரசும் சத்தம் நம் வயதுக்காரர்கள் எல்லோர் காதிலும் இருக்கும். அம்பாசிடர் தாங்கியது என்று இன்றைக்கும் புகழ்கிறார்கள். தாங்கியதற்குக் காரணம் பாதி அதன் இரும்பு, மீதிப் பாதி அது போன நாற்பது கிலோமீட்டர் வேகம். இன்றைய சாலையில் எண்பது, நூறு போகிறோம்.

இப்போதைய சின்னக் காரில் ஐந்து பேர் உட்கார்ந்தாலே முந்நூற்று இருபத்தைந்து கிலோ ஆகிவிடும். அதன் பிறகு டிக்கிக்கு மிஞ்சுவது நூறு கிலோ சுமார்தான். ஊரிலிருந்து மகன் வீட்டுக்குப் போகும்போது இரண்டு சிப்பம் அரிசி, ஒரு சாக்குத் தேங்காய், எண்ணெய் டின், மாம்பழக் கூடை என்று நம் வீட்டம்மாக்கள் அடுக்குவதை யாரும் தடுக்க முடியாது. குறைந்தபட்சம் இரண்டு காரியம் செய்யலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் டயர் காற்றுக்கு இரண்டு கணக்குப் போட்டிருப்பார்கள்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. காற்றடிக்கிற பையன் எல்லாக் காருக்கும் ஒரே அளவைத்தான் அடிப்பான். நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று முன் விளக்கு. பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு மேலே தூக்கும், டிம்மில் போட்டிருந்தாலும் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும். விளக்கைக் கீழிறக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு பல கார்களில் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

சரி, குட்டி யானைக்கு வருகிறேன்.

டாடா ஏஸ் 2005ஆம் ஆண்டு மே மாதம் வந்தது. அதற்கு முன்னால் சின்னச் சரக்குக்கு மூன்று சக்கர வண்டி, கொஞ்சம் பெரிதென்றால் மெட்டடார், அதற்கும் மேலே நானூற்று ஏழு. இடையில் ஒன்றுமில்லை. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைசக்தி, 12 அங்குலச் சக்கரம், விலை இரண்டு லட்சத்துச் சொச்சம். கார் ஓட்டத் தெரிந்த எந்தப் பையனும் முதலாளி ஆகலாம் என்ற நிலை வந்தது. நம் மக்கள் ஒரே வருடத்தில் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வடக்கேயும் அதே பெயர்தான், அவர்கள் மொழியில். பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர்தான் வினை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யானை என்று சொல்லிவிட்டால் ஏற்றத்தானே தோன்றும்? நிறுவனம் சொன்ன கணக்கு, வண்டியும் சுமையும் சேர்த்து 1,550 கிலோ. அதில் சரக்கு 750.

எங்கள் எதிர்வீட்டுப் பையன் இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய ஏஸ் ஒன்றை வாங்கினான். அப்பா இல்லாத பையன், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். பைனான்சில் கடன், மாதம் ஐந்தாம் தேதி டியூ. நாமக்கல்லில் ஒரு டைல்ஸ் கடையில் நிரந்தரமாக வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. கடை வாசலில் நிற்கிற வண்டிக்குத்தான் வாடகை, அதுவும் நடைக்கு இவ்வளவு என்று. டன்னுக்கு இவ்வளவு என்று அல்ல. இந்த ஒரு ஏற்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. நடைக்குக் கூலி என்றால், ஒரு நடையில் எவ்வளவு அதிகம் ஏற்றுகிறோமோ அவ்வளவு லாபம் சரக்கு வாங்குகிறவனுக்கு. தேய்மானம் முழுக்க வண்டிக்காரனுக்கு.

ஒரு நாள் மாலை மேடைக்கு வந்தான். மறுநாள் கொல்லிமலை, செம்மேட்டுக்கு ஒரு வீட்டுக்கு டைல்ஸ் போக வேண்டும். 64 பெட்டி, ஒரே நடை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

"எம்பட வண்டிக்கு நெசமா எத்தனை பெட்டிங்க பெரியப்பா ஏத்தலாம்? கடையில எல்லாரும் அறுபது ஏத்தறாங்க. உள்ளூருன்னா நானும் நாப்பது வரைக்கும் ஏத்தியிருக்கறனுங்க. மலைன்னதும் கொஞ்சம் யோசனையா இருக்குது."

"ஆர்.சி.யை எடு. வண்டியை மேடையில நிறுத்திட்டு நீயும் கிளீனரும் எறங்கி நில்லுங்க" என்றேன்.

ஆர்.சி.யில் மொத்த எடை 1,550. மேடையில் வெறும் வண்டி 905 காட்டியது. கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த வண்டி 800 கிலோ சுமார். மீதி நூற்றைந்து கிலோ எங்கிருந்து வந்தது? பழைய உரிமையாளர் தொட்டியின் அடியில் கனமான இரும்புத் தகடு போட்டிருக்கிறார். மேலே தார்ப்பாய் கட்ட ஆங்கிள் சட்டம். முன்னால் காட்டெருமைக்கொம்பு மாதிரி ஒரு கம்பித் தடுப்பு. பின்னால் பட்டையில் இரண்டு கூடுதல் பட்டை. டூல்ஸ் பெட்டி, ஜாக்கி, கட்டை, கயிறு. வண்டி உறுதியாக இருக்க வேண்டும் என்று சேர்த்த ஒவ்வொன்றும் சரக்கின் இடத்தைத் தின்றிருக்கிறது. இன்னொன்று: வெறும் வண்டி எடை என்று சட்டம் சொல்வதில் ஓட்டுநரும் கிளீனரும் சேர்த்தி இல்லை. ஆகவே அவர்கள் இருவரும் சரக்குக் கணக்கில்தான் வருவார்கள். இவன் எழுபது, கிளீனர் ஐம்பத்தைந்து.

1,550இல் 905 போனால் 645. அதில் 125 போனால் 520. டைல்ஸ் பெட்டி 28 கிலோ என்றால் பதினெட்டுப் பெட்டி.

"பதினெட்டா?" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

64 பெட்டி ஏற்றினால் என்ன ஆகும் என்றும் எழுதிக் காட்டினேன். சரக்கு மட்டும் 1,792. வண்டியும் ஆளும் சேர்ந்து 2,822. அனுமதித்ததைவிட 1,272 கிலோ கூடுதல். அதாவது இன்னொரு வண்டியையும் அதன் சுமையில் பெரும்பகுதியையும் தூக்கி இந்த வண்டியின் தலையில் வைப்பது போல.

"அதுக்குத்தானுங்களே ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டிருக்குது" என்றான்.

இதை நான் நூறு பேரிடமாவது கேட்டிருப்பேன். லாரிப் பட்டறைகளுக்குப் பேர்போன எங்கள் ஜில்லாவிலேயே இந்த நம்பிக்கை இருக்கிறது என்றால் மற்ற ஊர்களைக் கேட்க வேண்டாம். பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை மறைத்துவிடும். டயர் அதே டயர். ரிம் அதே ரிம். அச்சு, ஹவுசிங், வீல் பேரிங், பேரிங்கைப் பிடித்திருக்கிற நட்டு எல்லாம் அதே. முக்கியமாக பிரேக் அதே. பட்டை சேர்த்த வண்டி ஒரு வகையில் சேர்க்காததைவிட ஆபத்து. சேர்க்காத வண்டி தாழ்ந்து "போதும்" என்று சொல்லும். பட்டை சேர்த்தது சொல்லாது. பாரமாட்டுவண்டி ஓட்டிய என் தாத்தாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சுமை அதிகமானால் மாடு படுத்துக்கொள்ளும்.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். ஏறும்போது என்ன நடக்கிறது என்றால், சரக்கு பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் இருக்கிறது. சாலை மேல்நோக்கி இருப்பதால் கனம் இன்னும் பின்னால் சாய்கிறது. முன் சக்கரம் இலேசாகிறது. இலேசான முன் சக்கரம் திருப்பினால் திரும்பாது. வளைவின் உள்பக்கம்தான் ஏற்றம் செங்குத்து. அங்கே முதல் கியரிலும் இழுக்காமல் இன்ஜின் நின்றுவிட்டால், வண்டி பின்னால் உருள ஆரம்பிக்கும். அந்த வண்டியின் கைப்பிரேக் 1,550 கிலோவைப் பிடிக்கச் செய்தது. 2,800ஐப் பிடிக்க அல்ல. அப்போது கிளீனர் குதித்து ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கிளீனருக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் தலை சுற்றும்.

இறங்கும்போது வேறு கதை. மலையிலிருந்து பலா, வாழை, அன்னாசி ஏற்றி வருகிற வண்டிகளுக்கு அதுதான் கண்டம். 1,550 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியாகிற சக்தி நாலு யூனிட் கரண்டுக்குச் சமம். இரண்டாயிரம் வாட் வெந்நீர் ஹீட்டரை இரண்டு மணி நேரம் போட்டது போல. 2,700 கிலோ என்றால் ஏழு யூனிட்டைத் தாண்டும். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் லைனருக்கும் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும். லைனர் சூடேறி வாசனை வரும். அப்புறம் பெடல் மிதித்தாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். செய்தித்தாளில் "பிரேக் பிடிக்காமல்" என்று ஒரு வரி வருகிறதே, அதில் பல நேரம் பிரேக்கில் கோளாறு எதுவும் இருந்திருக்காது. அதன் சக்திக்கு மேல் வேலை கொடுத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கெட்டிக்காரப் பையன். பிறகு சொன்னான்:

"கணக்கு சரிங்க பெரியப்பா. டியூ கணக்கும் கணக்குதானுங்களே."

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதினெட்டுப் பெட்டி என்றால் நாலு நடை. நாலு நடைக்கு வாடகை யார் கொடுப்பார்கள்? நியாயமாகப் பார்த்தால் அந்தச் சரக்குக்கு நானூற்று ஏழு கூப்பிட வேண்டும், ஒரே நடையில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் செய்தால் இவன் வாடகை போச்சு. நான் போட்ட கணக்கு எவ்வளவு சரியோ அவ்வளவு அவன் வயிற்றில் அடிக்கிற கணக்கு. எடைமேடையில் உட்கார்ந்து சட்டம் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வண்டியை அதிகமாக ஏற்றுகிறவன் பேராசைக்காரன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பேராசை அவனுக்கு மேலே இரண்டு படி தள்ளி இருக்கிறது.

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கடைக்குப் போய்ப் பேசியிருக்கிறான். இரண்டு நடைக்கு வாடகை கொடுத்தால் உள்ளூர் வண்டி இன்னொன்றையும் சேர்த்துப் பிரித்துப் போடலாம், இல்லை பெரிய வண்டி கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லையாம். "உன்னால முடியாதுன்னா சொல்லு, வரிசையில அடுத்த வண்டி நிக்குது" என்றாராம். அடுத்த வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பையன் அன்றைக்கு மாலை வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. இருக்கத்தான் செய்யும்.

இரவு எட்டு மணிக்குச் செய்தி வந்தது. அந்த வண்டி மேல் வளைவு ஒன்றில் இழுக்காமல் நின்றிருக்கிறது. பின்னால் உருண்டிருக்கிறது. கிளீனர் பையன் குதித்துக் கட்டை வைத்திருக்கிறான். கட்டை வழுக்கியது, சக்கரம் அவன் வலது காலின்மேல் ஏறி நின்றது. தடுப்புச் சுவரில் வண்டியின் பின்பக்கம் முட்டி நின்றதால் கீழே போகவில்லை. கிளீனருக்கு வயது 19. பாதத்தில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். பெட்டிகள் சரிந்து நொறுங்கியதற்கான பணத்தைக் கடைக்காரர் ஓட்டுநரின் வாடகைப் பாக்கியில் பிடித்துக்கொண்டார்.

நானும் பையனும் போய்ப் பார்த்தோம். அந்தக் கிளீனர் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "வண்டி எப்படிங்க இருக்குது?" என்றுதான். வரும் வழியில் இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னது பலித்துவிட்டது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அது இவனாக இருந்திருக்கலாம், இவன் வண்டிக் கிளீனராக இருந்திருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதிகப்படிச் சரக்கை இறக்குகிற செலவும் சேரும். எடை போட வண்டியை நிறுத்த மறுத்தால் 40,000. ஓட்டுகிறவனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓட்டவைக்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அந்தச் சொற்கள் கடைக்காரரையும் தொடும். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை மடக்குகிற இடத்தில் கடைக்காரர் நிற்பதில்லை, பையன்தான் நிற்கிறான். அபராதத்தைக் கட்டிவிட்டு அதே சுமையோடு போகலாமா என்ற கேள்வியும் உச்சநீதிமன்றம் வரை போய், 2005இல் கூடாது, இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன்னால் சில மாநிலங்களில் கட்டணம் கட்டினால் அதிகச் சுமையோடு ஓடலாம் என்ற ஏற்பாடே இருந்தது. இப்போது அது காகிதத்தில் இல்லை.

சாலை கெடுகிறது என்று இந்தச் சின்ன வண்டிகளைத் திட்டுவது மட்டும் நியாயமில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சாலைகள் போட்டு, அதன்மேல் லாரிகளை இரவுபகலாக ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. அந்தக் கணக்கில் சாலையைத் தின்பது கல் லாரிதான். குட்டி யானை சாலையைக் கெடுப்பதில்லை. தன்னைத்தான் கெடுத்துக்கொள்கிறது, கூட இருக்கிறவனையும்.

டைல்ஸைவிட எனக்குப் பயம் தருகிற சுமை ஒன்று உண்டு. மனிதர்கள். குலதெய்வக் கோயிலுக்கு, காதுகுத்துக்கு, இழவுக்கு என்று இருபது இருபத்தைந்து பேர் குட்டி யானையில் நின்றுகொண்டு போகிறார்கள். இருபது பேர் என்றாலே ஆயிரத்து இருநூறு கிலோ, அத்தனையும் நின்றுகொண்டிருக்கிற எடை. டைல்ஸ் அடியில் கிடக்கும். மனிதர்களின் கனம் நெஞ்சுயரத்தில் இருக்கும். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். இந்த வண்டி கவிழ அது போதும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்சநீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ கூடப் போகலாம், அவ்வளவே. இழப்பீடு கேட்டால் வண்டிக்காரர் வீட்டைத்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டில் என்ன இருக்கும்? உங்கள் ஊரில் அடுத்த முறை யாராவது கோயிலுக்கு வண்டி பேசினால், வாடகை கூடுதலானாலும் வேன் பேசச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு முறை கேட்டார்கள்.

பையன் டைல்ஸ் கடை வாசலுக்குத் திரும்பப் போகவில்லை. ஒரு மாதம் சிரமப்பட்டான். ஒரு டியூ தள்ளிப்போய் பைனான்ஸ் ஆள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து மலை மேல் இருக்கிற கடைகளுக்கு முட்டை போடும் வேலை கிடைத்தது. முப்பது முட்டை அடுக்கிய அட்டை ஒன்று ஒன்றே முக்கால் கிலோ. நாமக்கல்லில் பிறந்துவிட்டு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அவனே சிரித்தான். பணம் டைல்ஸைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அளவுக்கு மேல் ஏற்று என்று யாரும் சொல்வதில்லை. ஏற்றினால் முட்டைதான் உடையும். அந்தக் கிளீனர் பையனுக்குக் கால் ஓரளவு ஊன்ற வந்ததும் இவனே கூப்பிட்டுத் தன் வண்டியில் உட்காரவைத்துக்கொண்டான். கணக்கு எழுதுவதும் கடைக்காரர்களிடம் பணம் வாங்குவதும் அவன் வேலை. இறங்கி ஓடுகிற வேலை இல்லை.

போன வாரம் வண்டியோடு மேடைக்கு வந்தான். தொட்டியின் அடியில் கிடந்த இரும்புத் தகட்டைப் பட்டறையில் கொடுத்துக் கழற்றிவிட்டானாம், முன்னால் இருந்த கம்பித் தடுப்பையும். இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். திரையில் 860 வந்து நின்றது.

"நாப்பத்தஞ்சு கிலோ கொறஞ்சிருக்குதுங்க பெரியப்பா. இருபத்தஞ்சு அட்டை ஆச்சுங்களே" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்று தலையாட்டியும் சீட்டுக்கு நாற்பது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.